இரண்டு பூனைகளுக்கு ஓர் அபேக்ஷை

சாலையோரம் வெள்ளையாக எது கிடந்தாலும் நான் வண்டியை நிறுத்துகிறேன். இதுவரை நிறுத்திப் பார்த்தவை: நான்கு யூரியா சாக்குகள், தெர்மாகோல் அட்டைகள், காற்று நிரம்பிய எண்ணற்ற பால் கவர்கள், உயிருள்ள ஒரு வாத்து, கொழிஞ்சாம்பாறைக்கு அப்பால் ஒரு கள்ளுக்கடை வாசலில் தன் வேட்டிக்குள்ளேயே சுருண்டு உறங்கிய ஒரு பெரியவர். பெரியவர் விழித்துக்கொண்டு, "என்னங்க?" என்றார். "ஒண்ணுமில்லைங்க, பூனைன்னு நினைச்சுட்டேன்" என்றேன். அவர் என்னைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். "நீங்க எந்தக் கடைங்க?" என்று கேட்டார்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. வங்கியில் வேலை. யாரும் படிக்காத சிறுபத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறவன் என்ற அளவில் எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அது என் பெயர் அல்ல. பேய் பிசாசுகளில் நம்பிக்கை இல்லாதவன். நம்பிக்கை இல்லாதவனையும் சில விஷயங்கள் பின்தொடர்ந்து வரும் என்பதை ஒரு பூனையிடமிருந்து தெரிந்துகொண்டேன்.

பூனை என்னுடையது அல்ல, என் அக்காவுடையது. அக்கா சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். நாங்கள் இருவரும் பிறந்ததே எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான். நான் வேலை கிடைத்துப் பாலக்காட்டுக்கு இறங்கி வந்துவிட்டேன்; அவள் இறங்கவில்லை. அத்தான் போய்ப் பல வருஷமாயிற்று, பிள்ளைகள் இல்லை. எஸ்டேட் கொடுத்த குவார்ட்டர்ஸில் அவளும் இரண்டு பூனைகளும். பன்னிரண்டு வயதுத் தாய், வரிப்பூனை, பாதிப் பற்கள் கிடையாது. எட்டு வயது மகன், தூய வெள்ளை, பிறவியிலேயே காது கேட்காது. இரண்டுக்கும் அக்கா வைத்த பெயர்கள் உண்டு. அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. மனிதர்கள் யாருக்கும் பெயர் தராத இடத்தில் பூனைகளுக்கு மட்டும் தருவது நியாயமில்லை என்று ஒரு காரணம் வைத்திருக்கிறேன். உண்மைக் காரணம், எழுத உட்கார்ந்தால் கை வருவதில்லை.

போன வருஷம் அக்காவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுபோகும் வழியில் சாலையில் யானை. அது விலகும்வரை நெஞ்சுவலியும் பொறுமையாகக் காத்திருந்தது. இனிமேல் தனியாக இருக்கக் கூடாது, அதுவும் ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லாத இடத்தில் இருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வருஷம் ஓய்வு பெற்றாள். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எங்கள் ஃப்ளாட்டில் ஓர் அறை புத்தகங்களுக்காகச் சும்மா கிடந்தது. எல்லாம் சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்த நேரத்தில் அக்கா போன் செய்தாள்.

"ஏல, எனக்கு ரூமெல்லாம் ஒழுங்கு பண்ணிட்டியா?"

"உனக்கு ஒழுங்கு பண்ண என்னக்கா இருக்கு? கட்டில் போட்டாச்சு."

"அப்ப எனக்கு ஒண்ணுமில்ல. அதுக ரெண்டுக்கும் ஒரு இடம் பாரு. நல்ல இடமா, ரெண்டும் சேந்து இருக்கிற மாதிரி. பாத்துட்டுச் சொல்லு. அதுக்கப்புறம்தான் நான் பெட்டி கெட்டுவேன்."

"கிடைக்கலேன்னா?"

"கிடைக்கலேன்னா இங்கனயே பஜார்ல ஒரு ரூமெடுத்து இருந்துக்கிடுதேன். மூணு சீவனும் ஒண்ணாக் கெடக்கோம். நீ ஒண்ணும் வெசனப்படாத."

என்னைக் கவலைப்பட வேண்டாம் என்று அவள் சொல்லும்போதெல்லாம் முடிவு எடுத்துவிட்டாள் என்று அர்த்தம். பஜாரில் தனி ரூம், நடுவழியில் யானை, அடுத்த நெஞ்சுவலி. நான் பூனைகளுக்கு இடம் தேடத் தொடங்கினேன்.

"நம்ம வீட்டுலயே வச்சுக்கலாமே" என்று நியாயமாக யாரும் கேட்பார்கள். என் மனைவி கேட்டாள். எங்கள் குடியிருப்பில் வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. "அவை எவ்வளவு சிறியவை ஆயினும், எக்காரணம் கொண்டும், எவ்வளவு குறுகிய காலத்திற்காயினும்" என்று விதியில் தெளிவாக இருக்கிறது. அந்த விதியை எழுதியவன் நான். சங்கச் செயலாளராக இருந்த ஒரு வருஷத்தில், மூன்றாம் மாடிக்காரரின் பொமரேனியன் என் கட்டுரை வேகத்தைக் குறைக்கிறது என்பதற்காக எழுதியது. வாழ்நாளில் நான் எழுதியவற்றில் வாசகர்கள் அனைவரையும் கட்டுப்படுத்திய ஒரே படைப்பு அதுதான். நாய் சொந்தக்காரரின் தங்கை வீட்டுக்குப் போயிற்று. மூன்றாம் மாடிக்காரர் அதற்குப் பிறகு லிஃப்டில் என்னைக் கண்டால் படிக்கட்டில் இறங்குவார்.

விலங்கு மீட்புக்காரர்களைப் போனில் அழைத்தேன். இவ்வளவு பேர் இருக்கிறார்களா என்று ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு பேர் இருந்தும் போதவில்லை என்பது அடுத்த ஆச்சரியம். முதலில் அழைத்தவர், "அடிபட்டதா?" என்றார். இல்லை. "அநாதையா?" இல்லை, என் அக்கா இருக்கிறாள். "அப்புறம் அதற்கு என்ன குறை?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இரண்டாமவர் வயதைக் கேட்டார். எட்டு, பன்னிரண்டு என்றேன். ஆள் இறந்த செய்தியைக் கேட்டவர்போல், "அடடா" என்றார். குட்டிகளைத்தான் ஆட்கள் எடுக்கிறார்கள், வளர்ந்ததை யாரும் எடுப்பதில்லை, அதிலும் ஜோடி, அதிலும் செவிடு என்று விளக்கினார். மூன்றாமிடத்தில் பேசிய அம்மாவின் குரலுக்குப் பின்னால் குறைந்தது இருபது பூனைகளின் குரல் கேட்டது. "பதினைஞ்சு பூனைக்கான இடத்துல நாப்பது வச்சிருக்கேன் சார். காலைல கேட்டைத் திறந்தா யாராவது சாக்குல கெட்டிப் போட்டிருப்பாங்க. நீங்களாவது போன் பண்ணிக் கேக்குறீங்க" என்றார். யார் மீதும் கோபப்பட முடியவில்லை. அதுதான் பெரிய எரிச்சலாக இருந்தது.

கடைசியில் ஒரு குழு, விவரங்களை எழுதி அனுப்புங்கள், எங்கள் வாட்ஸ்அப் வட்டத்தில் போடுகிறோம், யாராவது எடுக்கலாம் என்றது. இங்கேதான் நான் என் திறமையைக் காட்டினேன்.

நான் படித்தது எஸ்டேட் தமிழ்ப் பள்ளி. மலையாளம் எனக்குக் காது வழியாக வந்தது. எழுத்து நாற்பது வயதில் பேருந்துப் பலகைகளிலிருந்து வந்தது. தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் மலையாளத்தில் எழுதினால் ஒரு நெருக்கம் இருக்கும் என்று தோன்றியது. மலையாளத்தில் 'அபேக்ஷ' என்றால் விண்ணப்பம். பஞ்சாயத்து ஆபீஸ் முதல் கோவில்வரை எங்கும் அந்தச் சொல்தான். 'உபேக்ஷ' என்றால் கைவிடுதல். ஓர் எழுத்துதான் வித்தியாசம். இரண்டு பூனைகளை ஏற்றுக்கொள்ளும்படி அபேக்ஷிக்கிறேன் என்று எழுதவேண்டிய இடத்தில், கீழே முகவரியும் போன் நம்பரும் போட்டு, இரண்டு பூனைகளை உபேக்ஷிக்கிறேன் என்று எழுதி அனுப்பினேன். படித்துப் பார்த்தேன். வாக்கியத்தில் ஒரு கம்பீரம் இருப்பதாகக்கூட நினைத்தேன்.

மறுநாள் மதியம் வங்கியில் இருக்கும்போது ஓர் இளம்பெண் அழைத்தாள்.

"அங்கிளே, பூச்சகளெ எவிடெயா உபேக்ஷிச்சது?"

பூனைகளை எங்கே கொண்டுபோய் விட்டீர்கள் என்று கேட்கிறாள். நான் எங்கும் விடவில்லை என்றேன். "பின்ன எப்போழா உபேக்ஷிக்கான் போணது?" என்றாள். எப்போது விடப் போகிறீர்கள்? அவள் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. என் வாக்கியத்தை அப்படியே படம் பிடித்து, 'இந்த நபர் பூனைகளைக் கைவிடப்போவதாக வெளிப்படையாக அறிவித்திருக்கிறார், இவர் வீட்டுப் பக்கம் இருப்பவர்கள் ஒரு கண் வைத்துக்கொள்ளவும்' என்ற குறிப்புடன் சுற்றுக்கு விட்டிருந்தார்கள். அது ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. என் கட்டுரை எதுவும் அந்த வேகத்தில் போனதில்லை. எழுத்துப் பிழை என்று விளக்கினேன். "எல்லாரும் மாட்டிக்கிட்டதுக்கு அப்புறம் இதுதான் அங்கிள் பறையும்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் அழைத்த இடங்களில் என் நம்பரைப் பார்த்ததும் குரல் மாறியது. ஒருவர் எனக்கு உபதேசித்தார். ஒருவர் சட்டப் பிரிவு எண் சொன்னார். அந்தப் பெண் மட்டும் நான்கு நாள் கழித்து மறுபடி அழைத்தாள். நான் அனுப்பிய குரல் செய்திகளைக் கேட்டு, இவ்வளவு மோசமாக மலையாளம் பேசுகிறவன் நிச்சயம் தப்பாகத்தான் எழுதியிருப்பான் என்று முடிவுக்கு வந்திருந்தாள். பாதி மலையாளமும் பாதி தமிழுமாக அவள் சொன்னதை என்னால் இன்றும் வரி தவறாமல் ஒப்பிக்க முடியும்.

"அங்கிள், வயசான பூனைக்கு எங்க சென்டரைவிட உங்க வீடுதான் நல்லது. அது முடியில்லேன்னா, எங்க குடுத்தாலும் ஒரு காரியம் மறக்கண்டா. மூணு ஆழ்ச்ச ஒரு ரூமுல அடச்சு வைக்கணும். கதவு திறக்கவே கூடாது. அந்த ரூம் வாசனை அதுக்கு வீடாயிட்டு அப்புறம்தான் வெளிய விடணும். இல்லேன்னா பழைய வீட்டைத் தேடிப் போயிரும். காது கேக்காததுக்கு அது டபுள். போச்சுன்னா போச்சு. விளிச்சாலும் கேக்காதே."

மூன்று வாரம், ஓர் அறை, கதவு திறக்கக் கூடாது. நான் காகிதத்தில் குறித்துக்கொண்டேன்.

உங்கள் வீடுதான் நல்லது என்று அவள் சொன்னது உறுத்தியதால், அன்று மாலையே இப்போதைய செயலாளரைப் பார்க்கப் போனேன். கல்பாத்திக்காரர், ரிட்டயரான கணக்கு வாத்தியார்.

"சார், அது நீங்க எழுதின ரூலாக்கும்" என்றார். "நான் ரெண்டு தரம் வாசிச்சேன். ஓட்டையே கெடையாது. அவ்வளவு நன்னா எழுதியிருக்கேள்."

"மாத்த வழி இல்லையா?"

"இல்லாம என்ன? ஒரு அபேக்ஷை எழுதித் தாங்கோ. கமிட்டியில வெச்சுப் பாக்கலாம். அக்கா காரியம், வயசானவா, யார் வேண்டாங்கப் போறா? மூணாம் மாடியும் கமிட்டியில இருக்கார், அவரும் மனுஷர்தானே."

அவர் மனுஷர்தான். அதுதான் சிக்கல். அவர் எழுந்து நின்று, எனக்கு ஆட்சேபணை இல்லை என்று பெருந்தன்மையாகச் சொல்லும் காட்சி எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. அவர் எதிர்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்து காகிதத்தை எடுத்து வைத்தேன். 'பெறுநர்' என்று எழுதினேன். அதற்குப் பிறகு அந்தக் காகிதத்தில் மளிகைச் சாமான்களின் பட்டியலை எழுதியது என் மனைவி.

அந்த வாரமே, பாலக்காட்டுக்குக் கிழக்கே தமிழ்நாட்டு எல்லையோரமுள்ள எருத்தேன்பதியிலிருந்து ஒரு விவசாயி போன் செய்தார்.

"ஏனுங்க சார், பூனை கொண்டுபோய் விடறவருங்களா?"

நான் விளக்கத் தொடங்கினேன். அவர் குறுக்கிட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டுங்க. நம்ம பாப்பா காலேஜ்ல ஏதோ குரூப்புல இருக்குது. இவரு பூனையைக் கொண்டாந்து விட்டுட்டுப் போயிருவாரு, பாத்துக்குங்கன்னு போட்டிருந்தாங்களாமா. அதானுங்க கேக்கறேன். எப்படியும் எங்கியோ விடப் போறீங்க. நம்ம குடோனுப் பக்கமா விட்டீங்கன்னா நல்லாருக்கும். எலித் தொல்லை தாங்கலைங்க."

இந்தப் பிழையால் எனக்கு நேர்ந்த ஒரே நன்மை அது. நேர்மையாகச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, ஒன்றுக்குப் பல் இல்லை, ஒன்றுக்குக் காது கேட்காது என்றேன்.

"காது கேக்காதுங்களா? பரவால்லைங்க. நம்மூட்டுக்காரிக்கும் அப்படித்தான். நான் சொல்றது ஒண்ணும் கேக்காது."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "கேக்கறாப்ல ஏதாச்சும் சொன்னாத்தானுங்க கேக்கும்!"

அந்தக் குரலால்தான் எனக்கு அந்த வீட்டின் மேல் நம்பிக்கை வந்தது. அக்காவிடம் சொன்னேன். அவள் பெட்டி கட்டினாள்.

வாடகைக் காரில் போய் அழைத்து வந்தேன். மூணாறு, மறையூர், சின்னாறு வழி. அக்கா பின் இருக்கையில், மடியின் இரு பக்கமும் இரண்டு கூடைகள். தாய்ப்பூனை உடுமலைப்பேட்டைவரை ஒரே சுருதியில் அழுதது. வெள்ளை ஒன்றும் சொல்லவில்லை. கூடையின் கம்பி வழியே எங்கள் வாயசைவைப் பார்த்துக்கொண்டே வந்தது. சின்னாறு வனச் சோதனைச் சாவடியில் காவலர் கூடையைத் தட்டினார். மறையூர்ப் பக்கமிருந்து இறங்குகிற எந்தப் பெட்டியிலும் சந்தனம் இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

"உள்ள எந்தா?"

"பூனை."

"நாட்டுப் பூச்சயோ காட்டுப் பூச்சயோ?"

"ரிட்டயராயி வீட்டைக் காலி பண்ணிட்டு வார பூச்ச, சாரே" என்றாள் அக்கா. காவலர் குனிந்து பார்த்தார். வெள்ளை அவர் முகத்தை உற்றுப் பார்த்தது. "போய்க்கோ" என்றார்.

எருத்தேன்பதிக்குப் போய்ச் சேரும்போது மாலை நாலு மணி இருக்கும். தென்னந்தோப்பு, களம், ஓரத்தில் மாட்டுத் தீவன குடோன், அதற்கு அப்பால் கால்வாய். விவசாயியின் மனைவி இளநீர் வெட்டிக் கொடுத்தார். அக்கா குடோனைச் சுற்றிப் பார்த்தாள், மூட்டைகளை அழுத்திப் பார்த்தாள், தண்ணீர்த் தொட்டியின் ஆழம் கேட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டார்கள். அப்புறம் சிமெண்ட் தரையில் வலது காலால் இரண்டு முறை ஓங்கி மிதித்தாள். கூடைக்குள் வெள்ளை சட்டென்று திரும்பியது.

"இப்படித்தாம்மா கூப்பிடணும். காலு வழியாத்தான் அதுக்குக் கேக்கும்."

விவசாயியின் மனைவி தானும் மிதித்துப் பார்த்தார். பூனை அவரைப் பார்த்தது. இருவரும் சிரித்தார்கள்.

"கூடையைத் தொறந்து உட்ருங்க சார். அதுபாட்டுக்குச் சுத்தும். தோப்பு பூரா அதோடதுதான்" என்றார் விவசாயி.

என் சட்டைப் பையில் காகிதம் இருந்தது. மூன்று வாரம், ஓர் அறை. பூட்டி வைக்கத் தோதாக அங்கே இருந்தது ஒரே ஓர் அறை. மோட்டார் ஸ்டார்ட்டரும் விதை மூட்டைகளும் இருந்த அறை, தினம் பத்து முறை திறந்து மூடுவது. அதை மூன்று வாரம் பூட்டுங்கள் என்று சொன்னால், இதென்னங்க ரோதனை, நீங்களே வெச்சுக்குங்க என்று அவர் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். அக்கா களைத்துப்போய்க் களத்தின் விளிம்பில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள், பூனையோடு வீடு மாற்றிய அனுபவம் இல்லாதவள். அவளுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தது எனக்கு மட்டும். ஒரு வாக்கியம். எந்த மொழியில் சொல்லியிருந்தாலும் புரிந்திருக்கும். நான் இளநீர் நன்றாக இருக்கிறது என்றேன்.

கூடைகளைத் திறந்தோம்.

மூன்றாம் நாள் காலை விவசாயி போன் செய்தார். நான் குளியலறைக்குள் போய்ப் பேசினேன். வரிப்பூனை இருக்கிறது, மூட்டை மேல் படுத்திருக்கிறது. வெள்ளை முந்தின நாள் மாலை கால்வாய்ப் பக்கம் போனதைப் பார்த்தார்கள், திரும்பவில்லை. "நாலு பக்கமும் தேடிட்டனுங்க. இவ காலை ஓங்கி ஓங்கி மிதிச்சுக் காலே வீங்கிப்போச்சு. மனசுக்குச் சங்கட்டமா இருக்குதுங்க." வந்துவிடும் என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன். வெளியே வந்தேன். அக்கா காபி டம்ளரோடு மேஜையில் உட்கார்ந்திருந்தாள்.

"அதுக எப்படி இருக்குகளாம்?"

"நல்லா இருக்காம். ரெண்டும் தீவன மூட்டை மேல ஏறிப் படுத்துக்கிட்டு, எறங்கவே மாட்டேங்குதாம்."

சொல்லிவிட்டேன். ஒன்றிரண்டு நாளில் திரும்பி வந்துவிட்டால் பொய் தானாகவே உண்மையாகிவிடும் என்பது என் கணக்கு. அது வரவில்லை. அக்கா தினமும் அதே நேரத்தில், அதே நாற்காலியில், அதே கேள்வியைக் கேட்டாள். நான் தினமும் சொன்னேன். வெள்ளை ஒரு கன்றுக்குட்டியோடு சண்டை போட்டது. ஒரு பெருச்சாளியைப் பார்த்து அது பயந்தது, பெருச்சாளியும் பயந்தது, இரண்டும் எதிரெதிரே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தன. விவசாயி தன் மனைவியைத் திட்டும்போது நடுவில் போய் உட்கார்ந்து இருவர் வாயையும் மாறி மாறிப் பார்க்கிறது. அவருக்கு வெட்கமாகித் திட்டுவதை நிறுத்திவிட்டார். அக்கா சிரித்தாள். சில நாள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். என் எழுத்துக்கு அப்படி ஒரு வாசகி கிடைத்ததே இல்லை. என் மனைவி மட்டும் தோசைக் கல்லைப் பார்த்தபடி என்னைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இலக்கியக் கூட்டம் என்று சொல்லிவிட்டு எருத்தேன்பதிக்குப் போனேன். கால்வாய்க் கரையில் பத்தடிக்கு ஒருமுறை நின்று, இரண்டு தரம் ஓங்கி மிதித்துவிட்டுக் காத்திருப்பேன். ஈர மண்ணில் சத்தமே எழாது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "பாம்புங்களா?" என்று கேட்டார். இல்லைங்க, பூனை என்றேன். "பூனைக்குப் போயி இப்படிப் பயப்படறீங்க" என்றார்.

எங்கேயாவது தென்னை மரத்தின் பின்னால் அது உட்கார்ந்து, இந்த மனிதன் எதற்குக் குதிக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றும். திரும்பிப் பார்ப்பேன். மட்டை கிடக்கும். மோட்டார் ஓடும்போது களத்தில் கால் வைத்தால் தரை மெல்ல அதிரும். அதற்கும் இது தெரியும், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கும் என்று நினைப்பேன். அந்த ஊரில் நாள் முழுக்க ஏதாவது ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்.

ஐந்தாவது ஞாயிறு. தாய்ப்பூனை மூட்டை மேல் படுத்திருந்தது. என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நானும் அதன் கண்ணைப் பார்ப்பதில்லை. விவசாயியின் மனைவி மோர் கொண்டுவந்தார்.

"வாரா வாரம் வாரீங்களே சார், உடுங்க. உங்கக்காவே மனசத் தேத்திக்கிட்டாங்க."

"அக்காவா?"

"தெனமும் சாயங்காலம் போன் பண்றாங்களே. நீங்க கூட்டியாந்த அன்னிக்கே நம்பர் வாங்கிட்டுப் போனாங்க. காணாமப் போன மறுநாளே சொல்லிட்டனுங்க. அழுதாங்க. அப்பறம் நமக்குத்தான் ஆறுதல் சொன்னாங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

மோரில் கறிவேப்பிலை மிதந்துகொண்டிருந்தது. அதை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் குடித்தேன். தெரியும் என்று சொன்னேன்.

திரும்பி வரும் வழியில் ஒன்றுதான் யோசித்தேன். முதல் பொய்யைச் சொன்ன அன்று மாலையே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கன்றுக்குட்டி, பெருச்சாளி, சண்டை எல்லாவற்றையும் தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறாள். மலைக்குத் திரும்பிப் போகிறேன் என்று அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் குவார்ட்டர்ஸில் வேறு குடும்பம் வந்துவிட்டது. ஒருவேளை எனக்காகத்தான் இருந்தாளோ என்றும் தோன்றியது. அதை நான் தொடர்ந்து யோசிக்கவில்லை.

மறுநாள் காலை அவள் வழக்கம்போல் டம்ளரோடு உட்கார்ந்தாள்.

"அதுக எப்படி இருக்குகளாம்?"

"அக்கா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். டம்ளரை மேஜையில் வைத்தாள்.

"அந்தத் தோப்புக்காரப் பொண்ணு சொல்லிட்டாளா?"

தலையாட்டினேன்.

"அவங்க நல்லவங்கதான்ல. அவங்க மேல ஒரு தப்பும் கெடையாது. நான்தான் யோசிக்கல. புது இடத்துக்குப் போன பூனையக் கொஞ்ச நாள் அடைச்சு வைக்கணும்னு இப்பத்தான் தோணுது. அவங்களுக்கு யாரு சொல்லியிருப்பா? நான்ல சொல்லியிருக்கணும். காலு வலிக்குன்னு உக்காந்துட்டேன்."

அந்தக் காகிதம் அப்போதும் என் பையில்தான் இருந்தது. நான்கு தடவை துவைத்து, எழுத்தெல்லாம் போய், கூழாகி உலர்ந்து ஒரு சிறு கட்டியாக இருந்தது. மேஜைக்கு அடியில் விரலால் அதைத் தொட்டுக்கொண்டிருந்தேன். இல்லைக்கா, எனக்குச் சொன்னார்கள் என்று சொல்ல அதுதான் நேரம். அவள் அவசரப்படவில்லை, காபி குடித்தாள், ஜன்னல் வழியே கீழே ஸ்கூட்டர்களைப் பார்த்தாள். நேரம் நிறையவே இருந்தது.

"உன்னால என்ன செய்ய முடியும்? நீயும் அலைஞ்சுதான் பாத்த" என்றாள்.

அப்புறம் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

"சரி, சொல்லு. இன்னைக்கு என்ன செஞ்சுதாம்?"

அவள் கேலி செய்கிறாளோ என்று பார்த்தேன். கேலி இல்லை. கன்னத்தில் கை வைத்து, கதை கேட்கிறவள்போல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மழை வந்துதாம்" என்று தொடங்கினேன். "நனைஞ்சுட்டு வந்து, அந்தப் பொண்ணோட துவைச்ச சேலை மேல ஏறிப் படுத்துக்கிட்டுதாம்."

"சேறோடயா?"

"சேறோடதான்."

"அது அப்படித்தான் செய்யும்" என்றாள் அக்கா.